இரவல் துக்கம்

மூன்று வருஷங்களாக நான் ப்ளூஸ் மவுத் ஆர்கன் பழகி வருகிறேன். நண்பர்களில் இரண்டொருவருக்குத்தான் இது தெரியும். அவர்களில் ஒருவர், கவிஞர், போன மாதம் நாமக்கல் வந்திருந்தபோது கேட்டார்: "ப்ளூஸ் வாசிக்கிற அளவுக்கு உங்களுக்கு என்ன துக்கம்?" விளையாட்டாகக் கேட்டதுதான். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் பஸ் ஏறிப் போன பிறகு அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. நான் வங்கியில் குமாஸ்தா. மாதம் பிறந்தால் சம்பளம். ராசிபுரத்துக்கு அப்பால் கொஞ்சம் மானாவாரிக் காடு, ஓட்டு வீடு, பி.ஏ. ஆங்கில இலக்கியம். இந்தத் தகுதிகளை வைத்துக்கொண்டு அமெரிக்க அடிமைகளின் பேரப்பிள்ளைகள் உண்டாக்கிய சங்கீதத்தை நான் என் வாயில் வைத்துக்கொள்வது நியாயமா? பிறருடைய துக்கத்தைப் பாடமாகப் படிக்க முடியுமா? முடியும் என்றால், படிப்பவனுக்கு அதனால் ஏற்படும் கடமை என்ன? கேள்வி இதுதான்.

முதலில் கருவி. கை அகலத்துக்கும் குறைவான நீளம். பத்துத் துளைகள், இருபது பித்தளை நாக்குகள். துளைக்கு இரண்டு நாக்கு. ஒன்று ஊதினால் பேசும், மற்றது மூச்சை உள்ளே இழுத்தால் பேசும். ஜெர்மனியில் ட்ராஸிங்கன் என்ற ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரத் தொழிலாளி 1857இல் இதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். வால்ட்ஸ் நடனத்துக்கும் ஐரோப்பிய நாட்டுப் பாடல்களுக்கும் உகந்தபடி இதன் ஸ்வரங்கள் அமைக்கப்பட்டவை. எங்கே ஊதினாலும் ஸி மேஜரின் மூன்று ஸ்வரங்கள் இசைந்து ஒலிக்க வேண்டும் என்பதற்காகக் கீழ் ஸ்தாயியில் இரண்டு ஸ்வரங்களை விட்டேவிட்டார்கள். வால்ட்ஸுக்கு அவை தேவைப்படவில்லை.

மலிவு விலைக் கருவி என்பதால் கடல் தாண்டி அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அங்கே கறுப்பர்கள் அதைச் செய்தவர்கள் நினைத்தும் பார்த்திராத ஒரு காரியத்தைச் செய்தார்கள். ஸி சுருதிக் கருவியை ஜி சுருதியில் வாசித்தார்கள். நம் பரிபாஷையில் சொல்வதானால் ஷட்ஜத்தையே இடம் மாற்றி வைத்தார்கள். இரண்டாம் துளையை இழுத்தால் ஷட்ஜம். மூன்றாம் துளையை இழுத்தால் அந்தர காந்தாரம். ஆக, முக்கியமான ஸ்வரங்கள் எல்லாம் வெளிமூச்சிலிருந்து உள்மூச்சுக்கு வந்துவிடுகின்றன. நாதஸ்வரமும் புல்லாங்குழலும் மூச்சை விட்டு வாசிப்பவை. இது மூச்சை வாங்கி வாசிப்பது.

ஆனால் ப்ளூஸுக்கு வேண்டிய காந்தாரம் அந்தர காந்தாரமல்ல, சாதாரண காந்தாரமும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் அது இருக்கிறது. கருவியில் அதற்கு நாக்கே கிடையாது. வாய்க்குள் நாவின் பின்பகுதியைத் தாழ்த்தி, தொண்டைக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தின் உருவத்தை மாற்றினால் ஸ்வரம் கீழே வளைந்து அங்கே போய் நிற்கும். வளையும்போது, ஊதும் மூச்சுக்கென்று வைத்த மற்ற நாக்கும் விழித்துக்கொண்டு அதிரத் தொடங்குகிறது. மூன்றாம் துளையில் இவ்விதம் மூன்று அரை ஸ்வரங்கள் வரை இறங்கலாம். கருவியைச் செய்தவர்கள் விட்டுவிட்ட இரண்டு ஸ்வரங்களையும் இரண்டாம் துளையிலும் மூன்றாம் துளையிலும் இப்படி வளைத்தே அவர்கள் பெற்றார்கள். தங்களுக்கு இடமே வைக்காமல் கட்டிய ஒரு வீட்டில் சுவருக்கும் சுவருக்கும் இடையில் புகுந்து குடியிருந்தார்கள் எனலாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கருவிக்கு நம் நாட்டில் என்ன நேர்ந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஹார்மோனியத்தில் கமகம் பிடிக்காது, அது நம் சங்கீதத்துக்கு விரோதம் என்று 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. 1971 வரை அந்தத் தடை நின்றது. நாம் கருவியை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னோம். அவர்கள் கருவியை வளைத்தார்கள். தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு வசதி இருக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

* * *

ஆரம்பத்தில் இரண்டாம் துளை எனக்குப் பேசவில்லை. காற்றுதான் வந்தது. கருவியில் கோளாறு என்று நினைத்தேன். எல்லா ஆரம்பக்காரர்களும் அப்படித்தான் நினைப்பார்களாம். உண்மையில் கோளாறு வாயில். பலமாக உறிஞ்சுகிறோம், உறிஞ்சும்போது நம்மை அறியாமலே ஸ்வரத்தை வளைத்துவிடுகிறோம், பாதி வளைந்த நாக்கு ஒலியாகாமல் திணறுகிறது. உறிஞ்சாதே, சுவாசி என்பது இந்த வித்தையில் முதல் பாடம். செல்போன் திரையில் யாரோ ஒரு வெள்ளைக்கார ஆசிரியர் இதைச் சொல்லித்தந்தார். சொல்லக் கேட்பது எளிது. தூங்குகிறவன் மூச்சு விடுவதுபோல இரண்டாம் துளையில் மூச்சு விட எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. இரவு மொட்டை மாடியில் உட்கார்ந்து பழகுவேன். பக்கத்துப் பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டும் சம்மட்டிச் சத்தம். சாலையில் ஏர் ஹாரன். அதன் நடுவில் என் அபஸ்வரம் யாருக்கும் கேட்காது.

பழைய மவுத் ஆர்கன்காரர்கள் எல்லோரும் ரயில் ஓசையை வாசித்தார்கள். டிஃபோர்ட் பெய்லி 1927இல் பதிவு செய்த 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்' முழுக்க ஒரு ரயில்தான். எங்கள் நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013இல். எனக்குத் தெரிந்த ஓசை லாரி. அதை வாசிக்கப் பார்த்தேன், வரவில்லை. பெய்லிக்கு ரயில் என்பது ஊரைவிட்டுப் போவதற்கு ஒரு வழி. எனக்கு லாரி என்பது கடன் கணக்கில் ஒரு நம்பர்.

பெய்லியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடிமைகளின் பேரன், 1899இல் டென்னஸியில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தில் படுத்துக் கிடந்தபோது மவுத் ஆர்கன் கற்றார். நாஷ்வில் நகரத்தின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியில் ஆரம்ப காலத்துப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். வெள்ளைக்காரக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போவார். மேடையில் எல்லோருக்கும் அவருடைய மூச்சு வேண்டும். சாப்பாட்டு மேஜையிலோ விடுதி அறையிலோ அவர் கூடாது. 1941இல் அவரை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு பல வருஷங்கள் அதே நகரத்தில் ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் இறந்தார். நாட்டுப்புற இசைக்கான கௌரவ மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2005இல்.

இதைப் படித்தபோது நான் வருத்தப்பட்டேன். வருத்தப்பட்டதில் ஒரு சுகமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாஷ்வில் வெகு தூரம். அந்தச் சாப்பாட்டு மேஜையில் என் வீட்டார் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

* * *

எனக்குப் பத்து வயதில் தாத்தா இறந்தார். இரவு முழுவதும் வாசலுக்கு அப்பால் தப்பு அடித்தார்கள். இப்போது மேடைகளில் பறை என்கிறார்கள். எங்கள் ஊரில் தப்பு. வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவதும், காய்ந்த தோல் சுருதி ஏறுவதும், இரண்டு குச்சிகளும் இரண்டு குரல்களாகப் பேசுவதும் நினைவிருக்கிறது. வேலிக்கு வெளியே அவர்களுக்கு இலை போட்டதும் நினைவிருக்கிறது. சோற்றை எட்ட நின்று போட்டது யார் என்பதும் நினைவிருக்கிறது. அந்தத் தப்புக்காரர்களில் ஒருவர் எங்கள் காட்டிலேயே வேலை செய்தவர்.

ப்ளூஸ் தொடங்கிய வருஷமே அவரைப் போய்ப் பார்த்தேன். மவுத் ஆர்கன்தான் என்னை அங்கே அனுப்பியது என்று சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி ஒரு சங்கீதத்தைப் படிக்கிறவன், முந்நூறு கஜத்தில் இருந்ததை ஏன் படிக்கவில்லை என்று எனக்கே உறைத்தது. தப்பு சொல்லித்தர முடியுமா என்று கேட்டேன்.

இங்கே ஒரு சிறிய விஷயம். எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லி, ஒருமையில்தான் கூப்பிடுவோம். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். எனக்கு அன்று ஒருமை வரவில்லை. படித்தவன் அல்லவா? பன்மையும் வரவில்லை. ஆகவே நான் 'வா', 'வாங்க' இரண்டும் வராத வாக்கியங்களாகத் தேர்ந்தெடுத்துப் பேசினேன். "தப்பு கத்துக்கலாம்னு இருக்கு", "சொல்லித்தர முடியுமா" - இப்படி. தமிழில் இது சாத்தியம். பல வருஷப் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

அவர் சொன்னார்: "அதுல என்னங்க சாமி கத்துக்கறதுக்கு இருக்குது? கூப்புட்டா போவோணும். அடிச்சா சோறு, அடிக்கலீன்னா ஒதை." பிறகு கொஞ்ச நேரம் கழித்து: "எம் பையன் தொடறதில்லீங்க. தொட நானும் உடலீங்க."

நான் ப்ளூஸைப் பற்றிப் படித்தது எல்லாம் இந்த ஐந்து வாக்கியங்களுக்கு முன்னால் எதற்கும் உதவவில்லை. எனக்குக் கலையாக இருப்பது அவருக்கு ஏவல். நான் எதை எடுத்துக்கொள்ள விரும்புகிறேனோ அதை விட்டொழிப்பதுதான் அவர் வீட்டுக்கு விடுதலை. இன்று நகரத்து இளைஞர்கள் பயிற்சி முகாம்களில் பறை கற்கிறார்கள். 2025இல் மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அவமானத்தின் சின்னத்தைச் சுயமரியாதையின் சின்னமாக்கியவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய காரியம். ஆனால் எடுப்பதா எறிவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதை அடித்தவர்களுடையது. எனக்கு அதில் அபிப்பிராயம் இருக்கலாம், உரிமை இல்லை.

லெராய் ஜோன்ஸ் தம்முடைய 'ப்ளூஸ் பீப்பிள்' நூலில் (1963) ப்ளூஸை அமெரிக்கக் கறுப்பர்களின் சமூக சரித்திரத்திலிருந்து பிரிக்க முடியாது என்று வாதிடுகிறார். மத்தியதர வர்க்கத்து ப்ளூஸ் பாடகன் என்பதே அவருக்கு ஒரு முரண்பாடு. வெள்ளைக்கார ப்ளூஸ் பாடகன் அதைவிடப் பெரிய முரண்பாடு. நான் வெள்ளைக்காரன் அல்ல என்று தப்பித்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். முடியாது. அந்தச் சரித்திரத்தில் என் இடம் எது என்று நேர்மையாகத் தேடினால், பருத்தி பொறுக்கியவர்கள் பக்கத்தில் அது இல்லை. அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்த பிறகு அங்கே கறுப்பர்கள் வாரத்துக்கு உழுதார்கள். விதையும் மாவும் நிலக்காரனிடமே கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும் நாளில் எப்போதும் பாக்கி நிற்கும். பாக்கி நிற்கிறவன் ஊரைவிட்டுப் போக முடியாது. இங்கே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. குமாரபாளையத்து விசைத்தறிகளில் தொழிலாளி வாங்கும் முன்பணத்துக்கு இன்னும் 'பாக்கி' என்றுதான் பெயர். பேரேட்டைத் திருப்பும் கை எங்கேயும் ஒரே மாதிரிக் கைதான். என் கை அது. நான் அலுவலகத்தில் எழுதுவதும் பேரேடுதான்.

* * *

இரண்டாம் வருஷம் அப்பா இறந்தார். தப்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். பெரியவருடைய மகன் நாமக்கல்லில் பட்டறையில் வெல்டராக இருக்கிறார். அவர் ஏற்கெனவே ஆள் மூலம் சொல்லிவிட்டிருந்தார், அப்பாவை இனி அதற்குக் கூப்பிட வேண்டாம் என்று. பெரியப்பாவுக்குக் கோபம். கடைசியில் சேலத்திலிருந்து பேண்டு செட் வந்தது.

அத்தை ஒப்பாரி வைத்தாள். நாற்பது வீட்டுச் சாவுகளில் வைத்த குரல். அப்போதுதான் எனக்கு அந்தக் காந்தாரம் கேட்டது. சாதாரணமும் அல்லாமல் அந்தரமும் அல்லாமல், வரிக்கு வரி அதே இடத்தில் வந்து நின்றது. பிறந்தது முதல் கேட்ட குரல். ஒரு ஜெர்மன் கருவியோடு ஒன்றரை வருஷம் போராடிய பிறகுதான் என் காதுக்கு அது பிடிபட்டது. கற்றதின் பயன் என்று ஏதேனும் உண்டானால் இதைச் சொல்லலாம். அதே சமயம் அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் நின்று நான் ஸ்வரம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மத்தியானம் பெரியவர் வந்தார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கையில் தப்பு இல்லை. வெள்ளை வேட்டி. வேலிக்கு அப்பால், தாத்தா சாவுக்கு அவருக்கு இலை போட்ட அதே இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அப்பாவோடு சிறு வயதில் ஒரே காட்டில் மாடு மேய்த்தவர். நான் அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். உள்ளே கூப்பிட வேண்டும். 'வா' என்றால் அது பழைய ஏவல். 'வாங்க' என்றால் பெரியப்பா முதல் ஊர் வரை திரும்பிப் பார்க்கும். நான் எதுவும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். பேண்டு செட் ஒரு சினிமாப் பாட்டை எடுத்தது. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிரச்னை தெளிவாயிற்று. ப்ளூஸின் நடு ஸ்வரம் இரண்டு ஸ்வரங்களுக்கும் பயந்து நடுவில் ஒதுங்கியதல்ல. அது ஒரு திட்டமான இடம். அதை அடைய உடல் முழுவதும் வேலை செய்ய வேண்டும். லிட்டில் வால்டர் 1952இல் பதிவு செய்த 'ஜூக்'கில் ஒரு சொல் கிடையாது, பேசுவது மவுத் ஆர்கன். ஆனால் ஒவ்வொரு வளைவும் எங்கே போய் நிற்க வேண்டும் என்று அறிந்தே போகிறது. ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில் நான் கண்டுபிடித்து வைத்திருந்த இடம் அப்படிப்பட்டதல்ல. அது வெறும் நழுவல். இரண்டாம் துளையில் ஆரம்பக்காரனுக்கு வருகிற காற்று.

நம் சிறு வட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று தோன்றுகிறது. கறுப்பினக் கவிதையை, லத்தீன் அமெரிக்கக் கவிதையை நாம் ஆசையோடு மொழிபெயர்க்கிறோம். நல்ல காரியம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் தூரத்துத் துக்கத்துக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அது நம்மிடம் பாக்கி கேட்பதில்லை. நாம் அதைப் படித்துக் கலங்கலாம். கலங்கிய பிறகு நாம் யாருக்கும் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. முந்நூறு கஜத்தில் இருக்கும் துக்கம் அப்படியல்ல. அதில் நம் கையெழுத்து இருக்கிறது.

அப்படியானால் மவுத் ஆர்கனை எறிந்துவிட வேண்டுமா? அப்பா இறந்த பிறகு சில மாதம் தொடவில்லை. பிறகு எடுத்தேன். எறிவதும் ஒரு பாவனையாகிவிடும் என்று பட்டது. யாருக்கும் அதனால் எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை. எடுத்ததற்கு இன்னொரு காரணம், இந்த வித்தையில் ஏமாற்ற இடமில்லை. கவிதையில் வராத உணர்ச்சியை வந்ததாகக் காட்ட எனக்குத் தெரியும். விமர்சனத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். மூன்றாம் துளையில் அது நடப்பதில்லை. ஸ்வரம் வளைந்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். தினம் ஒரு மணி நேரம் தன் பொய் தனக்குக் கேட்பது குமாஸ்தாவுக்கும் விமர்சகனுக்கும் நல்லது.

ஆனால் இதை என் துக்கம் என்று இனிச் சொல்ல மாட்டேன். ரால்ஃப் எல்லிஸன் 1945இல் எழுதிய ஒரு கட்டுரையில் ப்ளூஸை, வலியின் விவரங்களை மறக்கவிடாமல் வைத்துக்கொள்ளும் ஒரு வழியாகப் பார்க்கிறார். அது ஆறுதலும் அல்ல, தீர்வும் அல்ல. மறக்காமல் வைத்துக்கொள்வது என்றால், பட்டவன் வலியை மறக்காமல் இருக்கிறான். பக்கத்தில் நின்றவன் எதை மறக்காமல் இருக்க வேண்டும்? அவனுக்கு வலி இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை மறக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு சாதனம் வேண்டியிருக்கிறது. அந்த அளவில் இரவல் வாங்கியிருக்கிறேன். இரவல் பொருளை வைத்திருப்பவனுக்கு அது இரவல் என்ற நினைப்பு இருந்தாக வேண்டும்.

போன வாரம் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பெரியவரைப் பார்த்தேன். பக்கத்தில் போய், "வாங்க, டீ சாப்பிடலாம்" என்றேன். சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேண்டாமுங்க சாமி, பஸ்ஸு வந்துருச்சுங்க" என்றார். பஸ் எதுவும் வரவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் தரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. அப்படி எதிர்பார்ப்பதும் பழைய ஏவல்தான். கவிஞ நண்பருக்கு இப்போது பதில் சொல்ல முடியும். எனக்குத் துக்கம் என்று ஒன்றுமில்லை. பாக்கி இருக்கிறது.